மார்சேய்: துறைமுகம் நகர்ந்து போன பிறகு அந்த ஊர் எதை வைத்துப் பிழைக்கிறது?

தெற்குவாசல்

வேலை விஷயமாக மூன்று வாரம் மார்சேயில் தங்கியிருக்கிறேன். வந்த மறுநாள் காலையிலேயே பழைய துறைமுகத்தைப் பார்க்கப் போனேன். பிரான்சின் பெரிய துறைமுகம் என்று பள்ளிக்கூடத்தில் படித்த ஊர், கிரேனும் கப்பலும் மூட்டையுமாக இருக்கும் என்று மனதில் ஒரு படம் இருந்தது. அங்கே போனால் மூன்று பக்கமும் கட்டடம் சூழ்ந்த ஒரு நீள்சதுரத் தண்ணீர், அது நிறையப் பாய்மரப் படகுகள். கரையில் கண்ணாடி மாதிரிப் பளபளக்கும் ஒரு பெரிய கூரை, அண்ணாந்து பார்த்தால் கீழே நிற்கும் கூட்டம் முழுக்கத் தலைகீழாகத் தெரிகிறது. அதற்குப் பக்கத்தில் ஏழெட்டு மேசை போட்டு மீன் விற்கிறார்கள். ஒரு வயதான அம்மா நீலத் தொட்டியில் கையை விட்டு முள்ளு முள்ளாக இருந்த ஒரு சிவப்பு மீனைத் தூக்கிக் காட்டினார், இது இல்லாமல் இந்த ஊர் மீன் குழம்பு கிடையாது என்றார். எல்லாம் அழகு. ஆனால் சரக்குக் கப்பல் ஒன்றுகூட இல்லை.

இரண்டு கேள்வி. இந்த ஊர் இப்போது எதை வைத்துப் பிழைக்கிறது? இன்னொன்று, மேற்கே ரோன் மாதிரி ஒரு பெரிய ஆறு கடலில் கலக்கும்போது, அதை விட்டுவிட்டு இவ்வளவு சின்ன ஒரு சந்தில் ஏன் ஊரைக் கட்டினார்கள்? தெரிந்தவர்கள் கொஞ்சம் விரிவாகவே சொல்லுங்கள், படிக்க நேரம் இருக்கிறது.

லியோன்வாசி

இரண்டாவது கேள்விக்கு என்னால் பதில் சொல்ல முடியும், பத்து வருஷமாக இந்த ஆற்றின் கரையில்தான் இருக்கிறேன்.

ஆறு இல்லாததுதான் மார்சேயின் பலம். ரோன் ஆல்ப்ஸ் மலையில் இருந்து வண்டல் வண்டலாக மண்ணைக் கொண்டுவந்து கடலில் கொட்டுகிறது. அந்தக் கடற்கரையை ஒட்டிய நீரோட்டம் கிழக்கில் இருந்து மேற்காகப் போகிறது, அதனால் அந்த மண் எல்லாம் மேற்குப் பக்கமாகவே தள்ளப்படுகிறது. நார்போன் ரோமர் காலத்தில் பெரிய துறைமுகம், தூர்ந்து போனது. ஒன்பதாம் லூயி 13 ஆம் நூற்றாண்டில் சிலுவைப் போருக்குக் கப்பலேறிய ஏக்-மோர்த் இன்று கடலை விட்டு உள்ளே தள்ளி நிற்கிறது, கோட்டைச் சுவர் இருக்கிறது, கப்பல் வர வழியில்லை. மார்சேய் முகத்துவாரத்துக்குக் கிழக்கே சுமார் 50 கிலோமீட்டர் தள்ளி, சுண்ணாம்புப் பாறைக்குள் வெட்டுப்பட்ட ஒரு குடாவில் இருக்கிறது. அங்கே ரோன் மண் வராது. வடமேற்கில் இருந்து மிஸ்ட்ரால் காற்று பேய் மாதிரி அடிக்கும், அந்தக் குடாவின் வடகரையில் இருக்கும் மேடு அதில் பாதியைத் தடுத்துவிடும். பழங்காலக் கப்பலுக்கு இதைவிட என்ன வேண்டும்? ஆற்றுக்குப் பக்கத்தில் இருக்க வேண்டும், ஆற்றின் வாயில் இருக்கக் கூடாது. கிரேக்கர்கள் அதைக் கணக்குப் போட்டே உட்கார்ந்திருக்கிறார்கள்.

வந்தவர்கள் போக்கையா என்ற ஊர்க்காரர்கள், இன்றைய துருக்கியில் இஸ்மீருக்குப் பக்கத்தில் இருக்கும் ஃபோச்சா. கி.மு. 600 வாக்கில். உள்ளூர்த் தலைவர் மகளுக்குச் சுயம்வரம் மாதிரி ஒரு விருந்து நடந்ததாம், அவள் கையில் இருந்த கோப்பையைக் கப்பலில் வந்த கிரேக்க இளைஞனிடம் நீட்டிவிட்டாளாம், அப்படித்தான் மசாலியா, அதாவது இந்த மார்சேய், பிறந்தது என்று கதை. கதை எப்படியோ, ஒயினும் எண்ணெயும் ஆற்று வழியாக மேலே போனது, வெள்ளீயம் கீழே வந்தது, ஊர் கொழுத்தது. கி.மு. 4 ஆம் நூற்றாண்டில் இந்த ஊர்க்காரர் பைத்தியாஸ் பிரிட்டன் வரை கப்பலில் போய்வந்தார். கி.மு. 49 இல் ரோமானியத் தளபதிகள் சீசருக்கும் பாம்பேயுஸுக்கும் சண்டை வந்தபோது பாம்பேயுஸ் பக்கம் நின்று, முற்றுகையில் தோற்று, சுதந்திரத்தின் பெரும்பகுதியை இழந்தார்கள்.

ஆனால் அதே பலம் பின்னால் பலவீனமாகவும் ஆனது. மூன்று பக்கமும் மலை. உள்நாட்டோடு பேச நீர்வழி கிடையாது. ரயில் வந்தபோதுகூட லா நெர்த் மலையைக் குடைந்து நாலரை கிலோமீட்டருக்கு மேல் சுரங்கம் போட்டுத்தான் 1848 இல் அவிஞோன் பக்கம் போக முடிந்தது. அப்புறம், கடலில் இருந்து ரோனுக்குப் படகு போக வேண்டும் என்று ரோவ் மலைக்கு அடியில் 7 கிலோமீட்டர் நீளத்துக்கு, 22 மீட்டர் அகலத்துக்கு ஒரு கால்வாய்ச் சுரங்கமே வெட்டினார்கள். ஒரு சரக்குப் படகு உள்ளே போகும்போது எதிரே இன்னொன்று வர இடம் உண்டு. 1927 இல் திறந்தார்கள். 1963 இல் அதில் ஒரு பகுதி இடிந்து விழுந்தது, இன்றுவரை மூடித்தான் கிடக்கிறது. தன் ஊருக்கு ஓர் ஆற்றைக் கொண்டுவர ஒரு நகரம் இவ்வளவு பாடுபட்டதை நினைத்தால் எனக்கு ஒவ்வொரு முறையும் மனது கனத்துப் போகிறது.

சரக்குக்கணக்கு

சென்னையில் சரக்கு முகவர் நிறுவனத்தில் பதினெட்டு வருஷமாக வேலை பார்ப்பவள். முதல் கேள்விக்கு வருகிறேன் தம்பி.

நீங்கள் பார்த்தது 1840 வரை இருந்த துறைமுகம். நீராவிக் கப்பல் வந்ததும் அந்தக் குடா போதவில்லை. 1844 இல் வடக்கே லா ஜோலியெத்தில் கடலுக்குள் நீண்ட அலைத்தடுப்புச் சுவர் எழுப்பிப் புதுத் துறை கட்ட முடிவெடுத்தார்கள். 1869 இல் சூயஸ் கால்வாய் திறந்தது, அதோடு ஊரின் தலையெழுத்தே மாறியது. சைகோனுக்கும் புதுச்சேரிக்கும் மடகாஸ்கருக்கும் போகிற பிரெஞ்சுக் கப்பலுக்கு இதுதான் வாசல். செயின்ட் ஷார்ல் ரயில் நிலையத்துக்குப் பின்னால் வைத்த பெரிய படிக்கட்டு, எல்லாம் அந்தப் பணம்.

1960களில் காலனிகள் கைவிட்டுப் போயின. கப்பலும் பெரிதாகிக்கொண்டே போனது. அதனால் மேற்கே ஃபோஸ் வளைகுடாவில், சதுப்பும் மணலுமாக ஆள் இல்லாமல் கிடந்த இடத்தில், புதுத் துறைமுகம் தோண்டினார்கள். முதலில் எண்ணெய்க் கப்பல், 70களில் எஃகு ஆலை, பிறகு கண்டெய்னர். ரோன் பக்கத்தில் வேண்டாம் என்று 2,500 வருஷம் ஒதுங்கி இருந்துவிட்டு, தூர்வாரும் இயந்திரம் வந்ததும் அந்த முகத்துவாரத்துக்கே போய்விட்டது துறைமுகம். இப்போது மார்சேய் ஃபோஸ் என்று சேர்த்துத்தான் சொல்வோம். ஆண்டுக்குச் சுமார் 7 கோடி டன், அதில் பெரும்பங்கு எண்ணெய், எரிவாயு, ரசாயனம். கண்டெய்னர் இருபது அடிக் கணக்கில் சுமார் 15 லட்சம். அது அதிகமா என்று கேட்டால் இல்லை, வலென்சியா அதைப் போல மூன்று மடங்கு கையாள்கிறது. பிரான்சுக்குத் தெற்கே இறங்க வேண்டிய சரக்கில் நிறைய ஆண்ட்வெர்ப், ராட்டர்டாம் வழியாக வடக்கில் இறங்கி லாரியில் வருகிறது. வேலைநிறுத்தம் ஒரு காரணம் என்பார்கள், மறுக்க மாட்டேன், ஆனால் முக்கியக் காரணம் லியோன்வாசி சொன்ன மலையும் ஆறும்தான். ரைன் மாதிரி ஐரோப்பாவின் நடுவுக்குள் போகிற நீர்வழி இவர்களுக்குக் கிடைக்கவே இல்லை.

ஒரு திருத்தம். துறைமுகம் ஊரை விட்டு முழுசாகப் போகவில்லை. கோர்சிகா, அல்ஜீரியா, துனிசியா போகிற பயணிக் கப்பல்கள் இன்றும் ஊருக்குள் இருக்கும் துறைகளில் இருந்துதான் கிளம்புகின்றன, மூர்ப்பியான் பக்கம் கண்டெய்னரும் இறங்குகிறது. 465 மீட்டர் நீளத்தில் ஓர் உலர்துறை, அதாவது தண்ணீரை வடித்துவிட்டுக் கப்பலைப் பழுதுபார்க்கும் இடம், இருக்கிறது, மத்தியதரைக் கடலில் அதைவிடப் பெரியது கிடையாது. போனது என்னவென்றால் ஆள் தேவை. முன்பு மூட்டை சுமக்க ஆயிரம் ஆள் நின்ற இடத்தில் இன்று ஒரு கிரேனில் ஒருவர் உட்கார்ந்திருக்கிறார்.

மல்லாட்டை

இந்த இழையைப் பார்த்ததும் எழுதாமல் இருக்க முடியவில்லை. நான் திண்டிவனம் பக்கம். மார்சேய் என்ற பெயரை எங்கள் வீட்டில் என் தாத்தா சொல்லிக் கேட்டிருக்கிறேன். வேர்க்கடலைக்கு எங்கள் பக்கம் மல்லாட்டை என்று பெயர், மணிலாக் கொட்டை என்பது மருவி வந்தது. அந்த மல்லாட்டைதான் தென்னார்க்காட்டில் இருந்து மாட்டு வண்டியிலும் ரயிலிலும் புதுச்சேரிக்குப் போய், அங்கிருந்து கப்பலேறி மார்சேய்க்குப் போனது. 19 ஆம் நூற்றாண்டின் பின்பாதியில் புதுச்சேரி ஏற்றுமதியில் பெரிய பண்டமே அதுதான்.

ஏன் மார்சேய் என்றால், சோப். 1688 இல் பதினான்காம் லூயி காலத்து ஆணை ஆலிவ் எண்ணெய் தவிர வேறு கொழுப்பைச் சேர்க்கக் கூடாது என்றது. ஆனால் 19 ஆம் நூற்றாண்டில் உலகமே சோப் கேட்டபோது ஆலிவ் போதவில்லை. எள், பனை எண்ணெய், கொப்பரை, கடலை என்று கப்பல் கப்பலாக வித்துகளை இறக்கி அங்கேயே ஆட்டினார்கள். செனகலில் இருந்து போன கடலை தோலோடு போகும், நல்ல எண்ணெய் வரும், சமையலுக்கு எடுத்துக்கொள்வார்கள். நம் கடலை கப்பலில் இடத்தை மிச்சம் பிடிக்கத் தோல் உரித்துப் பருப்பாகப் போனது. உரிப்பதற்கு முன்னால் காயைத் தண்ணீரில் நனைப்பார்கள், தோல் சுலபமாக உடையும், எடையும் கூடும். அந்த ஈரத்தோடு மூட்டை கட்டி வாரக்கணக்கில் கப்பலில் புழுங்கிப் போய்ச் சேரும்போது பருப்பு சிக்கெடுத்துவிடும். அதனால் கோரமண்டல், அதாவது நம் கரையின் கடலைக்கு விலை குறைவு, எண்ணெய் சோப் அண்டாவுக்குத்தான் போகும்.

இதைப் புத்தகத்தில் படித்தபோது எனக்கு எங்கள் ஆயா ஞாபகம் வந்தது. திண்ணையில் உட்கார்ந்து காயின் மேல் தண்ணீரைத் தெளித்து, ஈரச் சாக்கைப் போட்டு மூடிவைத்துவிட்டு, கொஞ்ச நேரம் கழித்து எடுத்து விரலால் நசுக்குவார். டப் டப் என்று உடையும். அந்தச் சின்ன வேலையின் விளைவு 19 ஆம் நூற்றாண்டில் மத்தியதரைக் கடலோரம் ஒரு வியாபாரியின் விலைப்பட்டியல் வரை போயிருக்கிறது என்பதை இன்னும் என்னால் ஆச்சரியப்படாமல் நினைக்க முடியவில்லை. 1914 இல் போர் வந்து கப்பல் நின்றதும் எங்கள் பக்கம் கடலை விலை சரிந்து விவசாயிகள் தவித்ததாக வீட்டில் கேட்டிருக்கிறேன். மார்சேயின் பொருளாதாரம் என்று பேசினால் அந்த ஊர் ஆலையை மட்டும் பேசக் கூடாது, அந்த ஆலைக்குள் போன நிலங்களையும் பேச வேண்டும்.

தெற்குவாசல்

மல்லாட்டை அண்ணே, இதைப் படித்துவிட்டு இன்று மாலை ஒரு கடையில் அந்தச் சோப்பை எடுத்துப் பார்த்தேன். பச்சையும் பழுப்பும் கலந்த கனசதுரம், ஆறு பக்கமும் முத்திரை, 72 சதவீதம் எண்ணெய் என்று குத்தியிருக்கிறது. வாசனையே இல்லை, துவைத்த துணி மாதிரி ஒரு மணம். கடைக்காரர் சொன்னார், இந்தப் பெயர் செய்முறையைத்தான் குறிக்கிறது, இடத்தை அல்ல, அதனால் வேறு நாட்டில் செய்ததையும் மார்சேய் சோப் என்று விற்கிறார்களாம். இங்கே அண்டாவில் காய்ச்சும் பழைய ஆலைகளை ஒரு கை விரலில் எண்ணிவிடலாமாம்.

ஆறாம் வட்டம்

நான் இந்த ஊரிலேயே ஆறு வருஷம் குடியிருந்தவன். நண்பர்கள் சொன்னது எல்லாம் சரி, ஆனால் எண்ணெயும் கண்டெய்னரும் மட்டும் பேசினால் மார்சேய் புரியாது. இந்த ஊரின் லாபமும் நோயும் ஒரே வாசல் வழியாக வந்தவை.

1720 மே மாதம் கிராண்ட் செயின்ட் அந்துவான் என்ற கப்பல் லெவாந்தில், அதாவது மத்தியதரைக் கடலின் கிழக்குக் கரையில் இருந்து துணிச் சரக்கோடு வந்தது. வழியிலேயே மாலுமிகள் செத்திருந்தார்கள். சட்டப்படி சரக்கைத் தீவில் நீண்ட நாள் ஒதுக்கி வைத்திருக்க வேண்டும். ஆனால் சரக்கில் நகர நிர்வாகிகளுக்கே பங்கு இருந்தது, போக்கேர் சந்தை வேறு நெருங்கிக்கொண்டிருந்தது. துணி ஊருக்குள் இறங்கிவிட்டது. சுமார் 90,000 பேர் இருந்த ஊரில் பாதிக்கு அருகில் கொள்ளைநோயில் போனார்கள், சுற்றியுள்ள ப்ரோவான்ஸ் மாகாணம் முழுக்கச் சேர்த்தால் ஒரு லட்சத்துக்கும் மேல். கப்பலைச் செப்டம்பரில் ஜார் தீவுக்குப் பக்கத்தில் கொளுத்தினார்கள், அதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது.

தண்ணீர்க் கதையும் அப்படித்தான். 1834, 35 இல் காலரா வந்த பிறகுதான் துய்ரான்ஸ் ஆற்றில் இருந்து கால்வாய் வெட்டினார்கள், 1849 இல் தண்ணீர் வந்து சேர்ந்தது. லோங்ஷான் அரண்மனையின் நடுவில் காளைகளின் காலடியில் இருந்து தண்ணீர் கொட்டும் பாருங்கள், அது அந்தத் தண்ணீருக்குக் கட்டின கோயில் என்றே சொல்வேன்.

ஆட்களும் கடல் வழியாக வந்தவர்கள். இத்தாலியர், கோர்சிகர், 1915 படுகொலைக்குப் பின் ஆர்மீனியர், 1962 இல் அல்ஜீரியாவில் இருந்து ஐரோப்பியக் குடியேறிகள் ஒரே கோடையில் லட்சக்கணக்கில், பிறகு மக்ரெப் என்ற வட ஆப்பிரிக்க நாடுகள், கொமோரோ தீவுகளில் இருந்து வந்தவர்கள். வேலை இருந்தவரை ஊர் அவர்களை உள்வாங்கியது. 1973 எண்ணெய் நெருக்கடிக்குப் பிறகு ஆலைகள் மூடின. 1975 இல் 9 லட்சத்துக்கு மேல் இருந்த மக்கள்தொகை 1999 இல் 8 லட்சத்துக்குக் கீழே வந்தது. வடக்குப் பகுதி அடுக்குமாடிகளில் இருந்து பார்த்தால் துறைமுகம் காலடியில் தெரியும், நடுவில் வேலியும் நெடுஞ்சாலையும், போக முடியாது. 2018 நவம்பர் 5 ஆம் தேதி நகரின் நடுவில், பழைய துறைமுகத்தில் இருந்து பத்து நிமிட நடையில், ஒபாஞ் தெருவில் இரண்டு பழைய கட்டடங்கள் இடிந்து எட்டுப் பேர் இறந்தார்கள். அன்று மழை. மறுநாள் அந்தத் தெருமுனையில் நின்றேன், யாரும் பேசவில்லை. அதற்குப் பிறகு ஆயிரக்கணக்கானோரை ஆபத்தான வீடுகளில் இருந்து வெளியேற்றினார்கள். 2013 இல் திறந்த கண்ணாடிக் கூரைக்கும் புது அருங்காட்சியகத்துக்கும் கிடைத்த கவனத்தில் கொஞ்சம் இந்த வீடுகளுக்குக் கிடைத்திருக்கலாம். இது என் ஆதங்கம்.

சரக்குக்கணக்கு

உங்கள் ஆதங்கம் நியாயம். இருந்தாலும் 1995 இல் தொடங்கிய யூரோமெடிதெரானே என்ற நகரப் புதுப்பிப்புத் திட்டத்தை ஒரேயடியாகத் தள்ளிவிட முடியாது, ஜோலியெத்தில் 365 மீட்டர் நீளக் கிடங்குக் கட்டடம் பாழாகக் கிடந்தது, இன்று அலுவலகமும் கடையுமாக இருக்கிறது. அந்த வேலைகள் வடக்குப் பகுதிப் பிள்ளைகளுக்குப் போய்ச் சேர்கிறதா என்பதுதான் கேள்வி, அதில் உங்களோடு ஒத்துப்போகிறேன்.

தம்பி, எதை வைத்துப் பிழைக்கிறது என்று கேட்டீர்கள். 147 மீட்டரில் ஒரு கோபுரம் தெரியும், சாஹா ஹதீத் வடிவமைத்தது. அது உலகின் மூன்றாவது பெரிய கண்டெய்னர் நிறுவனமான சிஎம்ஏ சிஜிஎம் தலைமையகம். லெபனான் போரில் இருந்து வந்த ஜாக் சாதே 1978 இல் மார்சேய்க்கும் பெய்ரூட்டுக்கும் நடுவில் ஒரு கப்பலோடு தொடங்கியது. 1996 இல் அவர் வாங்கிய அரசு நிறுவனத்துக்குள்தான் பழைய மெசாஜரி மாரிதீம் கலந்திருக்கிறது. புதுச்சேரிக்குக் கப்பல் விட்ட அதே கம்பெனி. கடல் போக்குவரத்தின் மூளை இன்னும் இந்த ஊரில்தான் இருக்கிறது, கைகள்தான் வேறு எங்கோ.

இன்னொன்று கண்ணுக்கே தெரியாது. கடலடிக் கேபிள். ஆப்பிரிக்கா, வளைகுடா, ஆசியாவில் இருந்து வரும் இணையத் தடங்களில் பெரிய பங்கு மார்சேயில் கரையேறுகிறது. சென்னையில் தரையிறங்கும் ஒரு கேபிளின் மறுமுனை மார்சேய். இரண்டாம் உலகப் போரில் ஜெர்மானியர் நீர்மூழ்கிக் கப்பலுக்காகத் துறைமுகத்துக்குள் கட்டத் தொடங்கி முடிக்காமல் விட்ட கான்கிரீட் தளம் இன்று தரவு மையம். சூயஸ் வழியில் எந்த இடம் ஐரோப்பாவின் முதல் பெரிய வாசலோ அதே இடம்தான், கப்பலுக்கும் சரி, கண்ணாடி இழைக்கும் சரி.

லியோன்வாசி

தெற்குவாசல், ஊர் திரும்புவதற்குள் வரலாற்று அருங்காட்சியகத்துக்குப் போய்விடுங்கள். 1967 இல் வணிக வளாகம் கட்டத் தோண்டியபோது கிரேக்கர் காலத் துறைமுகத்தின் ஒரு மூலையே வெளிப்பட்டது, 1974 இல் ஒரு ரோமானியச் சரக்குக் கப்பலும் கிடைத்தது. அங்கேயே தனியாக, கி.மு. 6 ஆம் நூற்றாண்டுப் படகுகளும் உண்டு. அதில் ஒன்றின் பலகைகளை ஆணி அடிக்காமல் கயிற்றால் தைத்துச் சேர்த்திருக்கிறார்கள். தையல் துளைகளைப் பக்கத்தில் நின்று பாருங்கள், வரிசை தவறாமல் இருக்கும்.

தெற்குவாசல்

போய்ப் பார்த்துவிட்டேன். அந்தத் துளைகள் முன்னால் கால் மணி நேரம் நின்றேன். அப்புறம் பழைய துறைமுகத்தில் இருந்து எஸ்தாக் போகும் படகில் ஏறினேன். சரக்குக்கணக்கு அக்கா சொன்ன துறைமுகம் முழுக்க அந்த வழியில்தான் இருக்கிறது: கோட்டையைத் தாண்டியதும் அல்ஜியர்ஸ் கப்பல், மேல்தளத்தில் மெத்தையும் சைக்கிளும் கட்டிய கார்கள் வரிசையாக ஏறிக்கொண்டிருந்தன. பிறகு அந்தக் கோபுரம், பிறகு பெரிய உலர்துறை, உள்ளே ஒரு சொகுசுக் கப்பலுக்கு அடிவயிறு தேய்த்துக்கொண்டிருந்தார்கள். எஸ்தாக்கில் இறங்கினேன். ஒரு காலத்தில் இந்தப் பக்கத்துக் களிமண்ணில் செய்த ஓடு ஆஸ்திரேலியா வரை போயிருக்கிறது. கரையில் ஒரு சிறு கடையில் கொண்டைக்கடலை மாவைக் களியாகக் கிண்டி, ஆறவிட்டு, வட்டமாக நறுக்கிப் பொரித்துத் தருகிறார்கள், பானிஸ் என்று பெயர். பத்து வட்டம், மேலே உப்பு. என்ன எண்ணெய் என்று கேட்டேன், சூரியகாந்தி என்றார். முன்பெல்லாம் கடலை எண்ணெய்தான், அதன் ருசியே வேறு என்றார். மல்லாட்டை அண்ணே, உங்களுக்காகத்தான் கேட்டேன்.

மல்லாட்டை

நன்றி தம்பி. இதை என் சித்தியிடம் வாசித்துக் காட்டுகிறேன்.